கேஸ் முடியும்வரை காத்திருக்காதீர்கள்: வன்முறைக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் அரசு இழப்பீடு பெறும் வழி

பூக்கட்டுகிற வேலை செய்யும் ஒரு பெண். குடித்துவிட்டு வந்த கணவன் அரிவாளை ஓங்கியபோது தடுக்கப்போய், இடது கையில் வெட்டு. நரம்பு அறுந்து, தையல் போட்டு, புண் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரல் மடங்கவில்லை. நாரைப் பிடிக்கிற விரல் மடங்காவிட்டால் பூக்கட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கிய பணம் ஏறிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் இரண்டரை வருடம் கழித்துத்தான் அவர் எங்கள் மேசைக்கு வந்தார். அதுவும் வேறு ஏதோ மனு எழுதித்தரச் சொல்லி.

"இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன். "கேஸ் முடிஞ்சாதான் ஏதாவது கிடைக்கும்னு சொன்னாங்கக்கா" என்றார்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. இது தவறு. கேஸ் முடிய வேண்டியதில்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யார் என்றே தெரியாவிட்டாலும் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கிறது. எப்படிக் கேட்பது என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

எந்தச் சட்டம், யார் பணம்

2008இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 357ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2009 டிசம்பர் 31இல் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பிறகு அதே ஏற்பாடு இந்தப் புதிய சட்டத்தின் 396ஆம் பிரிவாக இருக்கிறது. சாரம் இதுதான்: பாதிக்கப்பட்டவருக்கும் அவரை நம்பியிருந்தவர்களுக்கும் மறுவாழ்வுக்குப் பணம் தர ஒவ்வொரு மாநில அரசும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் வந்தது. தொகை எவ்வளவு என்று முடிவு செய்வது போலீஸ் அல்ல, கலெக்டர் அல்ல. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு.

இதை வேறு இரண்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தீர்ப்பு சொல்லும்போது குற்றவாளிக்கு அபராதம் போட்டு, அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்வது ஒன்று. அது 395ஆம் பிரிவு. குற்றவாளியிடம் காசு இருந்தால்தான் அது கைக்கு வரும். செய்தியில் பார்க்கிறோமே, முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து இத்தனை லட்சம் என்று, அது இன்னொன்று. அது அரசு விரும்பி அறிவிப்பது. கேட்டு வாங்குகிற உரிமை அல்ல. 396இன் கீழ் வருவது உரிமை. அந்த நினைப்போடு போய்க் கேளுங்கள்.

பெண்களுக்குத் தனித் திட்டம் ஒன்றும் இருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு (நால்சா என்பார்கள்) தயாரித்து, நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மே 11 அன்று ஏற்றுக்கொண்ட திட்டம் அது. 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொருந்தும். பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, தீக்காயம், வரதட்சணைச் சாவு, கணவர் வீட்டுக் கொடுமையில் ஏற்பட்ட உடல் காயம் எல்லாம் இதில் அடங்கும். மாநிலங்கள் இதற்கு மேல் கூட்டிக் கொடுக்கலாம், இதிலிருந்து குறைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆண்கள் பாதிக்கப்பட்டிருந்தால் மாநிலத் திட்டத்தின் அட்டவணைப்படி கேட்க வேண்டும். நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

எவ்வளவு கிடைக்கும்

2018 திட்டத்தின் அட்டவணையிலிருந்து முக்கியமானவை:

உயிரிழப்பு: 5 முதல் 10 லட்சம் ரூபாய்.
கூட்டுப் பாலியல் வன்கொடுமை: 5 முதல் 10 லட்சம்.
பாலியல் வன்கொடுமை: 4 முதல் 7 லட்சம்.
ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால்: 7 முதல் 8 லட்சம்.
80 சதவீதமும் அதற்கு மேலும் நிரந்தர ஊனம்: 2 முதல் 5 லட்சம்.
40க்கு மேல் 80க்குள்: 2 முதல் 4 லட்சம்.
20க்கு மேல் 40க்குள்: 1 முதல் 3 லட்சம்.
மறுவாழ்வு தேவைப்படும் அளவுக்குக் கொடுங்காயம் அல்லது மனப் பாதிப்பு: 1 முதல் 2 லட்சம்.
தாக்குதலால் கரு கலைந்தால்: 2 முதல் 3 லட்சம்.

மனப் பாதிப்பு என்று அட்டவணையிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உடம்பில் காயம் தெரியாவிட்டால் ஒன்றும் கேட்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் வந்த சீட்டு இருந்தால் அதுவும் ஆதாரம்தான்.

பாலியல் வன்முறையிலும் ஆசிட் வீச்சிலும் ஒருவர் அட்டவணையின் ஒன்றுக்கு மேற்பட்ட வரியில் வந்தால், அவற்றைக் கூட்டிப் பரிசீலிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் உச்சவரம்பு ஒன்றரை மடங்காகும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இருக்கிற இடைவெளியில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் காகிதங்கள்தான். அதனால் காகிதத்தைப் பற்றித்தான் இனி அதிகம் பேசப்போகிறேன்.

முதல் படி: ஆஸ்பத்திரி

முதலில் உயிர், சிகிச்சை. ஆனால் ஆஸ்பத்திரியில் நுழையும் அந்த நிமிடத்திலேயே உங்கள் இழப்பீட்டுக் கோப்பும் தொடங்கிவிடுகிறது. அடிதடி, வெட்டுக்குத்து என்று போனால் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். யார் அடித்தது, எதால் அடித்தது, எப்போது என்று அதில் இருக்கும். "தெரிந்த நபர் ஒருவர், அரிவாளால்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொன்னவர்கள் பின்னால் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்வார்.

பாலியல் வன்முறைக்கும் ஆசிட் வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே இலவசமாகத் தர வேண்டும். இது 397ஆம் பிரிவு. முன்பணம் கட்டு, போலீஸ் சீட்டு கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 200ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதைக் கவுன்டரில் நின்று சத்தமாகச் சொல்லுங்கள், வேலை நடக்கும். மற்ற குற்றங்களில் காயம்பட்டவர்களுக்கும் வழி உண்டு. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ ஒரு சான்று கொடுத்தால், அதை வைத்து இலவச சிகிச்சைக்கு ஆணையிடும் அதிகாரம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. இந்த வழியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துக் கடை பில், ஆம்புலன்சுக்கோ வாடகைக் காருக்கோ கொடுத்த ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பூக்கட்டும் அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார். மருந்துக் கடை பில்களில் பாதி வெளிறிப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. பில் மெஷினில் அடிக்கிற எழுத்து சில மாதத்தில் மறைந்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், குறைந்தது போனில் படமாவது எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: எஃப்.ஐ.ஆர்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ரசீது மட்டும். வெட்டு, பாலியல் வன்முறை, கொலை முயற்சி மாதிரியான குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இலேயே இதை உறுதி செய்துவிட்டது. குற்றம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து அங்கே அனுப்ப வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். நகல் உங்களுக்கு இலவசம்.

பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகரமென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு இந்த வழியைச் சொல்கிறது. தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் அதே பையில் போடுங்கள்.

எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எலும்பு முறிந்திருக்கும், ஆனால் சாதாரணக் காயம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) போட்டிருப்பார்கள். எலும்பு முறிவும், 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போவதும் கொடுங்காயத்தில் சேரும். அரிவாள், கத்தி போன்ற ஆயுதத்தால் அந்தக் காயம் ஏற்பட்டால் 118(2). டாக்டரின் காயச் சான்று வந்ததும் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பச் சொல்லி இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். இதற்கும் இழப்பீட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். சாதாரணக் காயம் என்று சொன்னால், உங்கள் மனுவைப் பார்க்கும் நீதிபதிக்கு முதலில் எழும் கேள்வி அதுதான்.

இன்னொன்று. பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு போன்றவற்றில் எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் அதன் நகலைக் காவல் நிலையமே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2018 திட்டம் சொல்கிறது. அதைப் பார்த்து ஆணைக்குழு தானாகவே இடைக்கால நிவாரணம் தரலாம். அனுப்பினார்களா என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம்

மாவட்டத் தலைநகரின் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். சமரச மையம், மக்கள் நீதிமன்றம் நடக்கும் கட்டடம் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அங்கேயும் உதவி கேட்கலாம். மாவட்ட முதன்மை நீதிபதி இதன் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பது செயலாளர். அவரும் ஒரு நீதிபதிதான். போகுமுன் 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

நீதிமன்றம் என்றதும் வக்கீல் பீஸ் எவ்வளவோ என்று பயப்பட வேண்டாம். இந்த மனுவுக்கு வக்கீல் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் ஆணைக்குழுவே இலவசமாக ஒரு வழக்கறிஞரைத் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி உண்டு. வெளியே மரத்தடியில் நின்று "பணம் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் குடுங்க" என்று யாராவது வந்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள்.

மனுவில் எழுத வேண்டியவை: பாதிக்கப்பட்டவர் பெயர், வயது, முகவரி, சம்பவம் நடந்த தேதி, நேரம், இடம், ஸ்டேஷன் பெயர், குற்ற எண், காயத்தின் தன்மை, சிகிச்சை பெற்ற இடம், இதுவரை செலவு, வேறு எங்காவது இழப்பீடு வாங்கியிருந்தால் அந்த விவரம், வங்கிக் கணக்கு. இணைப்பாக எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். உயிரிழப்பு என்றால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது வரத் தாமதமானால் விண்ணப்பித்த ரசீதை வைத்து மனுவைக் கொடுத்துவிடுங்கள். சான்றைப் பின்னால் சேர்க்கலாம்.

ஊனம் ஏற்பட்டிருந்தால் அரசு மருத்துவக் குழு தரும் சதவீதச் சான்று மிக முக்கியம். பூக்கட்டும் பெண்ணிடம் இதுதான் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். 30 சதவீதம் என்று வந்தது. அந்த ஒரு தாள் அவரை "காயம்" என்ற வரியிலிருந்து "நிரந்தர ஊனம்" என்ற வரிக்கு மாற்றியது. உச்சவரம்பு 2 லட்சத்திலிருந்து 3 லட்சமானது.

செலவை எழுதும்போது ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்திவிடாதீர்கள். விசாரணைக்காக ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த பஸ் செலவு, இழந்த கூலி, நின்றுபோன படிப்பு, மனநல ஆலோசனை, ஈமச் செலவு எல்லாமே தொகையைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று திட்டத்திலேயே இருக்கிறது. "என் விரல்கள் மடங்காததால் நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் வருமானம் போயிற்று" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம்.

நான்காம் படி: இடைக்கால நிவாரணத்தைத் தனியாகக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். முழு இழப்பீட்டு மனுவோடு, இடைக்கால நிவாரணம் வேண்டும் என்று ஒரு பத்தி சேருங்கள், அல்லது தனி மனுவாகவே கொடுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

2018 திட்டத்தின்படி மனு வந்ததுமே 5,000 முதல் 10,000 ரூபாய்வரை உடனடியாகக் கொடுக்கலாம். இடைக்கால நிவாரணம், அட்டவணையில் உங்கள் பாதிப்புக்கான உச்சத் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உச்சம் 3 லட்சம் என்றால் 75,000. இந்தப் பணத்தில் டெபாசிட் என்று எதையும் பிடிக்கக் கூடாது. முழுதாகக் கையில் வர வேண்டும்.

ஆசிட் வீச்சில் காலக்கெடு இன்னும் கறாரானது. லட்சுமி என்ற டெல்லிப் பெண் தொடுத்த வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சம் 3 லட்சம் என்று நிர்ணயித்தது. அதில் 1 லட்சம், சம்பவம் அரசின் கவனத்துக்கு வந்த 15 நாளுக்குள். மீதி 2 லட்சம் அடுத்த இரண்டு மாதத்துக்குள். ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எனவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

விசாரணை நீதிமன்றத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வழக்கைக் கோப்பில் எடுக்கும் கட்டத்திலேயே இடைக்கால இழப்பீடு தேவையா என்று நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்று சுரேஷ் எதிர் ஹரியானா அரசு வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞரிடம் இதை நினைவூட்டுங்கள். அவர் கையில் ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டு இருக்கும்; உங்களுக்கு இருப்பது ஒரு வழக்கு.

ஐந்தாம் படி: விசாரணை

ஆணைக்குழு உங்களை அழைத்துப் பேசும். போலீஸிடமும் மருத்துவமனையிடமும் அறிக்கை கேட்கும். இது குற்ற விசாரணை மாதிரி அல்ல. கூண்டில் ஏற்ற மாட்டார்கள், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், முன்னால் நிற்க மாட்டார். இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்து முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஸ்டேஷன் அறிக்கை வரத்தான் தாமதமாகிறது. அதனால் மனு கொடுத்த மூன்றாவது வாரம் நேரில் போய், "போலீஸ் ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். வரவில்லையென்றால் ஆணைக்குழு அனுப்பிய கடிதத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

எவ்வளவு நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும்? 2018 திட்டத்தில் சம்பவம் நடந்த தேதியிலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்ததிலிருந்தோ மூன்று ஆண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஏற்கவும் செய்யலாம். ஆனாலும் அந்த மூன்று ஆண்டை நம்பி உட்கார வேண்டாம். காயம் புதிதாக இருக்கும்போது காகிதமும் எளிதில் கிடைக்கும், சாட்சிக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆறாம் படி: பணம் வங்கிக்கு வரும்போது

ஆணை வந்த பிறகும் பணம் வராமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். பூக்கட்டும் பெண்ணுக்கு ஆதாரில் கணவன் பெயரின் முதலெழுத்து, பாஸ்புக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து. அந்த ஓர் எழுத்துக்காகக் கோப்பு மூன்று வாரம் நின்றது. அதைவிட மோசம், அவர் முதலில் கொடுத்தது கணவனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு. வெட்டியவனும் எடுக்கக்கூடிய கணக்கில் வெட்டுக்கான இழப்பீடு! நல்லவேளையாக அலுவலக உதவியாளர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்குங்கள். ஏற்கனவே இருக்கும் பழைய கணக்கென்றால், முடங்கிப் போயிருக்கிறதா என்று நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

2018 திட்டத்தில் இறுதித் தொகையில் 75 சதவீதம் வரை குறைந்தது மூன்று ஆண்டுக்கு நிரந்தர வைப்பாகப் போடப்படும். மீதி 25 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மைனர் என்றால் 80 சதவீதம் வைப்பில் இருக்கும். 18 வயது நிறைந்த பிறகுதான் எடுக்க முடியும், அதுவும் மூன்று ஆண்டுக்கு முன்னதாக அல்ல. வைப்புத்தொகையின் வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்குக்கு வர வேண்டும். வருகிறதா என்று பாருங்கள். படிப்புக்கோ அறுவை சிகிச்சைக்கோ அவசரமாகத் தேவைப்பட்டால் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்து வைப்பிலிருந்து எடுக்கலாம். இந்த வைப்பைப் பற்றித் தெரியாமல், "ஆணையில ஒண்ணு போட்டிருக்கு, கையில கால்வாசிதான் வந்திருக்கு, யாரோ சாப்பிட்டாங்க" என்று கலங்கி வருகிறவர்கள் உண்டு. ஆணையின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தொகை குறைவு என்று தோன்றினாலோ மறுத்துவிட்டாலோ மேல்முறையீடு செய்யலாம். ஆணை கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நாள் எண்ணுவது அன்றிலிருந்துதான். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது. தவறு அரசின் பக்கமே இருந்தால் நேராக உயர் நீதிமன்றமே தொகையை நிர்ணயித்த சந்தர்ப்பங்களும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக வளாக வழக்கில் எஃப்.ஐ.ஆர். விவரம் வெளியே கசிந்ததற்காக, மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் தரும்படி 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. வாச்சாத்தியில் 1992இல் கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் என்று அதே நீதிமன்றம் சொன்னது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம். இடைக்கால நிவாரணத்தைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்ப நான் சொல்வது இதனால்தான்.

குழந்தைகள் என்றால்

போக்சோ வழக்கில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான தனிச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில், வழி சற்று வேறு. இழப்பீட்டை நிர்ணயிப்பது சிறப்பு நீதிமன்றம். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 9ஆவது விதிப்படி, எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரலாம். மனு கொடுக்காவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே தரலாம். எதிரி விடுதலையானாலும், பிடிபடாவிட்டாலும் குழந்தைக்கு இழப்பீடு தரலாம். ஆணை கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணத்தைக் கொடுக்க வேண்டும். ஆண் குழந்தைகளுக்கும் இதே உரிமை உண்டு. பையனுக்கு நடந்ததைப் பெற்றோர் மூடி மறைப்பது இன்னும் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கும் முன்னதாக, உணவு, உடை, போக்குவரத்து மாதிரியான அவசரத் தேவைக்கு, குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் சிறப்பு நிவாரணம் கிடைக்கும். அது 8ஆவது விதி. 1098ஐ அழைத்தால் குழுவோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை என்றால்

இங்கே தனிச் சட்டம், தனி நிதி. பணம் வருவது கலெக்டர் அலுவலகத்தின் ஆதிதிராவிடர் நலப் பிரிவு வழியாக. 2016இல் திருத்திய மத்திய விதிகளின்படி 85,000 முதல் 8.25 லட்சம் ரூபாய்வரை. தமிழ்நாடு 2021இல் இதை 1 லட்சம் முதல் 12 லட்சம்வரை என்று உயர்த்தியது. இந்தத் தொகை கட்டம் கட்டமாக வரும். கொலை வழக்கில் போஸ்ட்மார்ட்டம் முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. மற்றப் பல குற்றங்களில் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று மூன்று கட்டம். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் பட்டப்படிப்புவரை கல்விச் செலவு ஆகியவையும் விதியில் இருக்கின்றன. முதல் தவணைப் பணத்தோடு நின்றுபோன கோப்புகள் நிறைய. குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியைத் தெரிந்துகொண்டு அடுத்த தவணையை எழுத்தில் கேளுங்கள்.

தீர்ப்பு வரும் நாளில்

இவ்வளவையும் செய்யாமல் வழக்கே முடிந்துவிட்டதா? இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 395இன் கீழ்க் கிடைக்கும் தொகை போதாது என்றாலோ, எதிரி விடுதலையாகிவிட்டாலோ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும்படி விசாரணை நீதிமன்றம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைக்கலாம். உடல் காயம் சம்பந்தப்பட்ட வழக்குகளில், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும் பாதிக்கப்பட்டவற்றில், செஷன்ஸ் நீதிமன்றங்கள் தீர்ப்போடு இதற்கும் ஆணையிட வேண்டும் என்று 2024 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்ததோடு, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்கவும் சொன்னது. தீர்ப்புக்கு முந்தைய வாய்தாவிலேயே அரசு வழக்கறிஞரிடம் ஒரு மனுவைக் கொடுத்து வைத்தால் நீதிபதியின் மேசையில் அது இருக்கும்.

ஒரு வேண்டுகோள், பக்கத்து வீட்டாருக்கும் சொந்தக்காரர்களுக்கும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், ஊர், பள்ளி எதையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உதவி திரட்டும் நல்ல எண்ணத்தில் போட்டாலும் இரண்டாண்டுவரை சிறைக்குரிய குற்றம் அது. உதவ நினைத்தால் கூடவே ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். தனியாக வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதுதான் அதிகம்.

பெண்கள் 181ஐ அழைத்தால், மாவட்டத்திலிருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கும் இடம், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் வழி செய்வார்கள். அங்கிருந்தும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு அனுப்பலாம்.

நாளைக் காலையே கிளம்பலாம் என்றால், எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது ஒன்று, ஆதார், உங்கள் பெயரில் மட்டும் உள்ள பாஸ்புக் இவை போதும். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். மனு கொடுத்ததும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.